உறுதியில் எழுதிய வேலி

காணி உறுதி ஒன்றைக் கையிலெடுத்தால் அதன் நாலெல்லை விபரமே முதலிற் கண்ணிற் படும். வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே ஒழுங்கை, தெற்கே கோயிற் காணி, மேற்கே இன்னாருடைய பிள்ளைகளின் பங்கு என்று நொத்தாரிசு எழுதி வைத்திருப்பார். நிலத்துக்கு எல்லை வேண்டும். அதை எழுதி வைப்பதிலே தவறொன்றுமில்லை. ஆனால் ஐக்கிய அமெரிக்காவிலே, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதப்பட்ட எண்ணற்ற உறுதிகளிலே ஐந்தாவது எல்லையொன்றும் காணப்படுகின்றது. இவ்வளவை வெள்ளையரல்லாத எவருக்கும் விற்கலாகாது, வாடகைக்கு விடலாகாது, அத்தகையோர் இதில் வசிக்கவும் ஆகாது என்பதே அந்த எல்லை. பல உறுதிகளில் இதற்கு ஒரு விலக்கும் உண்டு: வெள்ளை எசமானுடைய வீட்டு வேலைக்காரர் மாத்திரம் அங்கே தங்கலாம். கறுப்பு மனிதனின் உழைப்பு வேலிக்குள்ளே வரலாம். அவனுடைய பிள்ளைகுட்டிகள் வரலாகாது.

'இனம் இனத்தோடு சேரும்' என்பார்கள். அமெரிக்க நகரங்களிலே வெள்ளையர் ஒரு புறமும் கறுப்பின மக்கள் மறு புறமுமாக வாழ்வதற்கு இதனையே காரணமாகக் காட்டுவோர் பலர். அவரவர் விருப்பப்படி அவரவர் குடியேறினர், வசதிக்கேற்ப வீடு வாங்கினர், இதிலே அரசுக்கும் சட்டத்துக்கும் என்ன வேலை என்பது அவர்களது வாதம். இந்த வாதத்தை மறுப்பதற்கு நெடிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. தாமாகவே பிரிந்து வாழும் மக்களைப் பிரித்து வைப்பதற்கு மாநகரசபைச் சட்டமும், உறுதி வாசகமும், நீதிமன்றத் தீர்ப்பும், ஈற்றில் டைனமைற்றும் எதற்காக வேண்டியிருந்தன?

கென்டக்கி மாநிலத்தில், ஒகையோ நதிக்கரையில் உள்ள லூயிவில் நகரத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுரிமை பற்றிய இரு பெரும் வழக்குகள் அந்த ஒரே நகரத்தில் எழுந்தன. ஒன்று 1917இல் முடிந்தது. மற்றையது 1954இல் தொடங்கியது. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், எது மாறியது, எது மாறவில்லை என்பது தெளிவாகும்.

அதற்கு முன்னர் ஒரு சட்டத்தைக் குறிப்பிட வேண்டும். உள்நாட்டு யுத்தம் ஓய்ந்து அடிமை முறை ஒழிக்கப்பட்ட மறு ஆண்டு, 1866இல், அமெரிக்கக் காங்கிரஸ் குடியுரிமைச் சட்டமொன்றை நிறைவேற்றியது. ஆதனங்களை வாங்கவும், விற்கவும், குத்தகைக்குப் பெறவும், முதுசமாகக் கொள்ளவும் வெள்ளைப் பிரசைகளுக்குள்ள அதே உரிமை எல்லாப் பிரசைகளுக்கும் உண்டு என்று அது தெட்டத் தெளிவாகக் கூறியது. அந்த வாசகம் சட்டப் புத்தகத்தில் அப்படியே கிடந்தது. எவ்வளவு காலம் கிடந்தது என்பதைப் பின்னர் காண்போம்.

1910இல் பால்ரிமோர் நகரில் கறுப்பின வழக்கறிஞர் ஒருவர் வெள்ளையர் வாழ்ந்த வீதியொன்றிலே குடியேறினார். யேல் பல்கலைக்கழகத்திலே சட்டம் பயின்றவர், அமைதியான குடும்பஸ்தர். அவர் குடியேறிய அதே ஆண்டில் மாநகரசபை ஒரு சட்டம் இயற்றியது: வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் வீதித் துண்டிலே கறுப்பர் குடிபுகக் கூடாது, கறுப்பர் பெரும்பான்மையாக வாழுமிடத்திலே வெள்ளையர் குடிபுகக் கூடாது. இருசாராருக்கும் ஒரே விதி, ஆகவே இது சமத்துவம் என்று வாதிட்டனர். தெற்கு நகரங்கள் பல இதனைப் பின்பற்றின. லூயிவில் 1914இல் பின்பற்றியது.

லூயிவில் மக்கள் வாளாவிருக்கவில்லை. கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தின் உள்ளூர்த் தலைவரான வில்லியம் வார்லி என்பவர், சார்ள்ஸ் புக்கானன் என்ற வெள்ளையரிடம் ஒரு வெறுங்காணியை விலைபேசினார். அக்காணியில் வீடு கட்டிக் குடியிருக்கச் சட்டம் எனக்கு இடந்தராவிடில் நான் பணந்தர வேண்டியதில்லை என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. பின்னர் வார்லி பணந்தர மறுத்தார். புக்கானன் வழக்குத் தொடுத்தார். வெள்ளையர் ஒருவர் கறுப்பருக்குக் காணி விற்பதற்காக இனப்பாகுபாட்டுச் சட்டத்தை எதிர்த்து வழக்காடினார். கறுப்பினத் தலைவரோ அச்சட்டத்தைக் காட்டித் தப்பப் பார்த்தார்! சட்டத்தைச் சோதிப்பதற்காகத் திட்டமிட்டு நடத்தப்பெற்ற வழக்கு அது. 1917 நவம்பரில் உச்ச நீதிமன்றத்து நீதியரசர்கள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். லூயிவில் சட்டம் செல்லாது. வார்லி தோற்றார், தோற்றதனால் வென்றார்.

ஆயினும் அத்தீர்ப்பு எதனை ஆதாரமாகக் கொண்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். கறுப்பு மனிதனுக்கு விரும்பிய இடத்தில் வாழும் உரிமை உண்டு என்பதிலும் பார்க்க, சொத்துடையவன் தன் சொத்தை விரும்பியவருக்கு விற்கும் உரிமையை அரசு பறிக்கலாகாது என்பதே அதன் அச்சாணி. மனிதன் காப்பாற்றப்பட்டது சொத்தின் நிழலில். முதலாளித்துவச் சட்டத்தின் தருமம் அதுவே. அந்த நிழலிலிருந்துதான் அடுத்த தந்திரம் பிறந்தது. மாநகரசபை செய்யக் கூடாததைச் சொத்துடையோர் தமக்குள் ஒப்பந்தமாகச் செய்துகொண்டால் யார் கேட்பது? சட்டத்தில் எழுத முடியாத வேலி உறுதியில் எழுதப்பட்டது. 1926இல் வாஷிங்டன் நகரத்து வழக்கொன்றிலே, இது தனியார் ஒப்பந்தம், எமக்கு இதிலே அலுவலில்லை என்று உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. காணித் தரகர்களின் தேசிய சங்கமோ 1924இலேயே தன் ஒழுக்கக் கோவையில் ஒரு விதி எழுதியிருந்தது: ஒரு சுற்றாடலின் பெறுமதியைக் குறைக்கக்கூடிய இனத்தவரை அங்கே நுழைவிப்பதற்குத் தரகர் துணைபோகலாகாது. ஒழுக்கம் என்ற சொல் எத்தனை எத்தனை பாதகங்களுக்குப் போர்வையாகியிருக்கிறது!

இந்த வேலி கறுப்பின மக்களுக்கு மாத்திரம் போடப்பட்டதன்று. யூதர், சீனர், யப்பானியர், மெக்சிக்கர் என்று ஊருக்கு ஊர் பட்டியல் நீண்டது. நம் உபகண்டத்தாரும் தப்பவில்லை. பிரித்தானிய ஆட்சியை வெறுத்து 1915இல் கலிபோர்னியாவை அடைந்த வைஷ்ணோ தாஸ் பாகாய் என்பவர் கதர் கட்சியின் அனுதாபி. அவரும் மனைவி கலாவும் மூன்று ஆண் குழந்தைகளுடன் பேர்க்லி நகரில் தாம் வாங்கிய வீட்டுக்குச் சாமான்களோடு சென்றபோது, அயலார் அவர்கள் நுழையாவண்ணம் வீட்டைப் பூட்டி வைத்திருந்தனர். 1921இல் அவர் அமெரிக்கப் பிரசையானார். 1923இல், இந்தியர் வெள்ளையரல்லர், ஆதலின் பிரசையாகத் தகுதியற்றவர் என்று பகத்சிங் திந்த் வழக்கிலே உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பாகாயின் பிரசாவுரிமை பறிக்கப்பட்டது. அதனோடு சொத்துக் கொள்ளும் உரிமையும் போயிற்று. 1928இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அந்த பேர்க்லி நகரமே அண்மைய ஆண்டுகளில் ஒரு வீதிக்கு கலா பாகாயின் பெயரைச் சூட்டியிருக்கிறது.

1930களில் பொருளாதார வீழ்ச்சி வந்தது. வீட்டுக் கடன் கட்ட முடியாதோரைக் காப்பாற்றவென்று ரூஸ்வெல்ட் அரசு நிறுவனங்களை அமைத்தது. உழைக்கும் மக்களுக்கு உண்மையாகவே பயன்பட்ட நடவடிக்கைகள் அவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் யாருக்குப் பயன்பட்டன? வீட்டுரிமையாளர் கடன் கூட்டுத்தாபனம் 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் வரைந்தது. நல்ல பகுதிக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், சரிந்து செல்வதற்கு மஞ்சள், ஆபத்தானதற்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய யாவும் சிவப்பாயின. 1934இல் அமைந்த கூட்டரசு வீடமைப்பு நிர்வாகம், வங்கிகள் கொடுக்கும் வீட்டுக் கடனுக்கு அரசாங்கக் காப்புறுதி வழங்கியது. அதன் கைந்நூல், கலப்பினச் சுற்றாடல்களுக்குக் காப்புறுதி வழங்கற்க என்றும், உறுதிகளில் இனத்தடை வாசகம் இருப்பது விரும்பத்தக்கது என்றும் மதிப்பீட்டாளர்களுக்குப் புத்தி கூறியது. முன்னர் சில தரகர்களின் துவேஷமாக இருந்தது இப்பொழுது அரசாங்க முத்திரையுடன் வெளிவந்த வியாபார விதியாயிற்று.

டெட்ரோயிட் நகரிலே இதற்கு ஒரு சாட்சி இன்றும் நிற்கிறது. 1941இல் கட்டட முதலாளியொருவர் கறுப்பின மக்களின் குடியிருப்புக்கு அருகே வெள்ளையருக்கு வீடுகள் கட்ட விரும்பினார். அருகே கறுப்பர் வாழ்கின்றனர், ஆகவே காப்புறுதி இல்லை என்றது நிர்வாகம். அவர் இரு குடியிருப்புகளுக்கும் இடையில் ஆறடி உயரத்தில், ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்குச் சீமெந்துச் சுவரொன்றை எழுப்பினார். காப்புறுதி கிடைத்தது. அந்தச் சுவரை எந்தக் கள்வனுக்கு அஞ்சியும் கட்டவில்லை. கடன் படிவத்தில் ஒரு கையொப்பம் பெறுவதற்காகவே கட்டினார்கள்.

இக்காலத்தில் வேலியைத் தாண்டத் துணிந்த குடும்பங்கள் பட்ட பாட்டை இலக்கிய வாசகர் ஓரளவு அறிவர். லொறெயின் ஹான்ஸ்பெரி எழுதி 1959இல் மேடையேறிய 'எ ரெய்சின் இன் த சன்' நாடகம் வெறுங் கற்பனையன்று. 1937இல் அவருடைய தந்தை கார்ள் ஹான்ஸ்பெரி சிக்காகோவின் தென்புறத்தில் இனத்தடை விதிக்கப்பட்ட பகுதியொன்றில் வீடு வாங்கினார். கும்பல் வீட்டைச் சூழ்ந்தது. எறியப்பட்ட கல் சிறுமி லொறெயினை மயிரிழையிலே தவறியது. தந்தை ஊர் ஊராக வழக்கு நடத்தச் சென்றபோது, தாய் கைத்துப்பாக்கியுடன் இரவிரவாக வீட்டைக் காவல் காத்தாள். 1940இல் உச்ச நீதிமன்றத்தில் தந்தை வென்றார். எனினும் தீர்ப்பு வழக்கு நடைமுறை பற்றிய ஒரு நுட்பத்தில் நின்றுவிட்டது. இனத்தடை வாசகத்தை அது தொடவில்லை. சலித்துப்போன அவர் மெக்சிக்கோவிலே குடியேற ஆயத்தஞ் செய்துகொண்டிருக்கையில் 1946இல் அங்கேயே காலமானார்.

வாசகத்தின் வேரில் கைவைத்தது 1948ஆம் ஆண்டு மே மாதத் தீர்ப்பு. சென் லூயிஸ் நகரிலே, ஆறு பிள்ளைகளின் பெற்றோரான ஷெல்லி தம்பதியர் 1945இல் லபாடி அவெனியூவில் ஒரு வீட்டை வாங்கினர். 1911இல் எழுதப்பட்டு 50 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் தடையொன்று அவ்வீட்டின் மீதிருந்தது. அயலவர் வழக்கிட்டனர். மிசூரி மாநில நீதிமன்றம் அயலவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றத்திலோ ஒன்பது நீதியரசர்களுள் மூவர் காரணங் கூறாமலே ஒதுங்கிக்கொண்டனர். தாங்கள் வாழும் வீடுகளின் உறுதிகளிலும் அதே வாசகம் இருந்திருக்கலாம் என்று பலர் ஊகித்தனர். எஞ்சிய அறுவரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர்: தனியார் தமக்குள் எதையும் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதை நிறைவேற்ற அரசாங்கத்தின் நீதிமன்றம் கைகொடுக்குமானால் அது அரசே செய்த பாகுபாடு ஆகும். ஷெல்லி குடும்பம் வீட்டிலே நிலைத்தது. கூட்டரசு வீடமைப்பு நிர்வாகமோ அசைந்து கொடுக்க மேலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எடுத்தது. 1950 பெப்ரவரிக்குப் பின்னர் புதிதாக இனத்தடை எழுதப்படும் ஆதனங்களுக்கே காப்புறுதியை மறுத்தது, பழையவை பழையபடி.

இனி லூயிவிலுக்குத் திரும்புவோம்.

அன்ட்ரூ வேட் என்பவர் உலக யுத்தத்திலே கடற்படையிற் பணியாற்றியவர்; மின் இணைப்புத் தொழில் செய்து வந்தார். மனைவி சார்லற், இரண்டரை வயது மகள். அடுத்த குழந்தையும் வரவிருந்தது. நகரப்புறத்திலே சிறியதோர் புதுவீடு வாங்க விரும்பினர். பணம் இருந்தது, விற்பார்தாம் இல்லை. சென்ற இடமெல்லாம் கறுப்பர் என்று கண்டதும் வீடு கைமாறிவிட்டது என்ற பதிலே கிடைத்தது. ஈற்றில் அவர் கார்ள் பிறேடன், ஆன் பிறேடன் என்னும் வெள்ளைத் தம்பதியரை அணுகினார். இருவரும் பத்திரிகையாளர், தொழிற்சங்க இயக்கத்திலும் இனசமத்துவ இயக்கத்திலும் ஈடுபட்டோர். 1954 மே மாதத்தில் பிறேடன் தம்பதியர் தம் பெயரில் ஷைவ்லி என்னும் புறநகரிலே ஒரு வீட்டை வாங்கி, அதனை வேட் குடும்பத்துக்கு உறுதி மாற்றிக் கொடுத்தனர்.

பாடசாலைகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற புகழ்பெற்ற தீர்ப்பு வெளிவந்ததும் அதே மே மாதம் 17ஆந் திகதி. நாடெங்கும் புதுயுகம் பற்றிய பேச்சு. ரோன் கோட் ஒழுங்கையிலோ யன்னற் கண்ணாடி கல்லெறிந்து உடைக்கப்பட்டது. அயற்காணியிலே சிலுவை கொளுத்தப்பட்டது. வீட்டை நோக்கித் துப்பாக்கி வேட்டுகள் தீர்க்கப்பட்டன. நண்பர்கள் சிலர் முறைவைத்துக் காவலிருந்தனர். யூன் 27ஆந் திகதி இரவு, மகள் உறங்கும் அறையின் கீழே டைனமைற் வெடித்தது. தெய்வாதீனமாக ஒருவரும் வீட்டின் அப்புறத்திலே இருக்கவில்லை, உயிரிழப்பில்லை.

வெடி வைத்தவன் யார்? விசாரணைச் சபை கூடியது. அரசதரப்பு வழக்கறிஞர் வினாவிய வினாக்கள் வெடியைப் பற்றியவையல்ல. பிறேடன் வீட்டிலிருந்த நூல்களைப் பற்றியவை. எந்தச் சங்கத்தில் அங்கத்துவம்? எந்தப் புத்தகம் வாசித்தீர்? கறுப்பருக்கு வீடு வாங்கிக் கொடுத்ததும், அதனை வெடிவைத்துத் தகர்த்ததும், இனக்கலவரத்தை மூட்டுவதற்காகக் கம்யூனிஸ்டுகள் செய்த சதி என்று அவர் ஒரு கதை கட்டினார். வெடி வைத்ததற்காக வெள்ளை அயலவர் எவரும் தண்டிக்கப்படவில்லை. கார்ள் பிறேடன் இராசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டு, 1954 டிசம்பரில் 15 ஆண்டு மறியலும் 5,000 டொலர் தண்டமும் விதிக்கப்பெற்றார். அவர் வீட்டுப் புத்தக அலுமாரி சாட்சிப் பொருளாயிற்று. தொழில் பறிபோயிற்று. பிணைத் தொகை 40,000 டொலர். அதனைத் திரட்டும்வரை பல மாதங்கள் மறியலில் இருந்தார். மாநிலங்கள் இராசத்துரோக வழக்கு நடத்தலாகாது என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தமையால், 1956இல் அவரது தண்டனை தள்ளுபடியாயிற்று. ஆன் பிறேடன் இவ்வரலாற்றை 1958இல் 'த வோல் பிற்வீன்' என்ற நூலாக எழுதினார். வேட் குடும்பம் அந்த வீட்டில் வாழ முடியவில்லை.

1917இலே, வெள்ளையன் ஒருவன் தன் காணியைக் கறுப்பருக்கு விற்கலாம், அது அவனது புனிதமான சொத்துரிமை என்று இந்நகரத்து வழக்கிலேயே தீர்ப்பாயிற்று. 37 ஆண்டுகளுக்குப் பின் அதே நகரத்தில் ஒரு வெள்ளையர் அதனைச் செய்து காட்டியபோது அவர் இராசத்துரோகியானார். வியாபாரமாகச் செய்யாமல் தோழமையாகச் செய்ததே அவர் புரிந்த குற்றம் என்று நமக்குத் தோன்றுகிறது.

கல்லெறிந்தவர்கள் யார் என்பதையும் நாம் நேர்நின்று நோக்க வேண்டும். அவர்கள் பெரும் பிரபுக்களல்லர். தொழிற்சாலைகளில் உழைத்து, மாதந் தவறாமல் கடன் கட்டி, ஆயுள் முழுவதற்கும் ஒரே சொத்தாக ஒரு சிறு வீட்டைத் தேடிக்கொண்ட வெள்ளைத் தொழிலாளரே பலர். கறுப்பர் வந்தால் உன் வீட்டின் விலை விழும் என்று வரைபடமும் கைந்நூலும் தரகரும் வங்கியும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தன. இந்தப் பயத்திலே காசு பண்ணும் ஒரு கூட்டம் தோன்றியது. சிக்காகோவிலே தரகர் ஒருவர் ஒரு வீதியில் கறுப்பினக் குடும்பம் ஒன்றைக் குடியேற்றுவார். பின்னர் வீடு வீடாகச் சென்று, விற்றுவிட்டு ஓடுங்கள், நாளை அரைவிலையும் கிடையாது என்று பயமுறுத்துவார். வெள்ளைக் குடும்பங்கள் நட்டத்துக்கு விற்கும். அதே வீட்டை அவர் இருமடங்கு விலைக்குக் கறுப்பினக் குடும்பத்துக்குத் தவணை ஒப்பந்தத்தில் கொடுப்பார். வங்கிக் கடன் மறுக்கப்பட்டவர்களுக்கு வேறு வழியில்லை. கடைசித் தவணை கட்டும்வரை உறுதி தரகர் கையிலேயே. ஒரு தவணை தவறினாலும் கட்டிய பணமெல்லாம் போய், குடும்பம் வீதிக்கு வரும். வீடு இன்னொருவருக்கு மறுபடி விற்கப்படும். வெள்ளைத் தொழிலாளியும் இழந்தான், கறுப்புத் தொழிலாளியும் இழந்தான். இருவருக்கும் இடையில் நின்றவன் கொழுத்தான். 1968இல் சிக்காகோ லோண்டேல் பகுதியில் இவ்வாறு ஏமாற்றப்பட்டோர் சங்கமாகத் திரண்டு தவணை கட்ட மறுத்தனர்.

சட்டத்தை நீதிமன்றத்தில் மாத்திரம் வெல்ல முடியாதென்பதை மக்கள் உணர்ந்தனர். 1960இல் தேர்தல் மேடைகளில் கென்னடி, பேனாவின் ஒரே கீறலில் வீட்டுப் பாகுபாட்டை நீக்கலாம் என்றார். பதவியேற்றபின் பேனா அசையவில்லை. மக்கள் வெள்ளை மாளிகைக்குப் பேனாக்களைத் தபாலில் அனுப்பினர்! 1962 நவம்பரில் ஓர் ஆணை பிறந்தது, அதுவும் அரைகுறை. கலிபோர்னியா 1963இல் நல்ல சட்டமொன்றை இயற்றியது. மறு ஆண்டு அம்மாநில வாக்காளர் பெரும்பான்மை வாக்கினால் அதனை ஒழித்துக் கட்டினர். அந்த வாக்கெடுப்பு செல்லாதென்று 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்க்க வேண்டியிருந்தது. பெரும்பான்மை வாக்கெல்லாம் சனநாயகமன்று என்பதை நம் நாட்டவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மில்வோக்கி மாநகரசபையில் வெல் பிலிப்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி 1962 முதல் திறந்த வீடமைப்புச் சட்டம் கோரிப் பிரேரணை கொண்டுவந்தார். ஆதரவாக அவருடைய ஒரு வாக்கு, எதிராக 18. மீண்டும் மீண்டும் அதே கணக்கு. 1967 ஓகஸ்ட் 28ஆந் திகதி, கத்தோலிக்க குருவானவர் ஜேம்ஸ் குறொப்பியும் இளைஞர்களும் பாலத்தைக் கடந்து வெள்ளையர் வாழும் தென்புறத்துக்கு ஊர்வலஞ் சென்றனர். போத்தல்களும் கற்களும் பறந்தன. மறுநாளும் சென்றனர். பனியிலும் குளிரிலும் 200 இரவுகள் இடைவிடாது சென்றனர். அதே ஆண்டில் லூயிவிலிலும் வீதிகள் நிரம்பின. மார்ட்டின் லூதர் கிங்கின் தம்பி ஏ. டி. கிங் அங்கே முன்னின்றார். ஆண்டிறுதியில் லூயிவில் மாநகரசபை வீட்டுப் பாகுபாட்டைத் தடைசெய்தது. 1968 மார்ச்சில் கென்டக்கி, தெற்கு மாநிலங்களுள் முதன்முதலாக அத்தகைய சட்டத்தை இயற்றியது. வேட் வீடு தகர்ந்து 14 ஆண்டுகளாகியிருந்தன.

கூட்டரசுச் சட்டமோ காங்கிரசில் ஆண்டுதோறும் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தது. 1968 ஏப்ரல் 4ஆந் திகதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரங்கள் எரிந்தன. ஏப்ரல் 10ஆந் திகதி பிரதிநிதிகள் சபை 250 வாக்குகளுக்கு 172ஆக மசோதாவை நிறைவேற்ற, மறுநாள் ஜோன்சன் கையொப்பமிட்டார். விற்பனையிலும் வாடகையிலும் கடனிலும் இனம், நிறம், மதம், தேசிய மூலம் நோக்கிப் பாகுபாடு காட்டுதல் குற்றமாயிற்று. 1974இல் பாலும், 1988இல் உடற்குறையும் சிறு பிள்ளைகளோடு வாழ்தலும் அப்பட்டியலிற் சேர்ந்தன. பிள்ளைகள் உண்டு என்பதற்காக வீடு மறுக்கப்பட்ட தாய்மாருக்கு இது பெரிய காரியம்.

நல்ல சட்டந்தான். ஆனால் அதன் பற்கள் பிறக்கும்போதே பிடுங்கப்பட்டிருந்தன. தான் வாழும் கட்டடத்தில் நான்கு குடிகளுக்கு மேற்படாமல் வாடகைக்கு விடும் உரிமையாளருக்கு விலக்கு. தரகரின்றி வீடு விற்பவருக்கும் விலக்கு. முறைப்பாட்டை ஏற்ற அமைச்சு இருசாராரையும் அழைத்துச் சமரசம் பேசலாம், தண்டிக்க இயலாது. வாடகைக்கு வீடின்றித் திரிபவன் வழக்கறிஞரை வைத்துத் தானே வழக்காட வேண்டும். 20 ஆண்டுகள் கழித்து, 1988ஆம் ஆண்டுத் திருத்தமே அமைச்சுக்கு வழக்குத் தொடுக்கும் வலுவைத் தந்தது. வேடிக்கை யாதெனில், 1968 யூன் மாதத்தில் சென் லூயிஸ் பகுதி வழக்கொன்றிலே, வீடு விற்க மறுக்கும் தனியாரையும் 1866ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கின்றது என்று உச்ச நீதிமன்றம் கண்டுபிடித்தது. 102 ஆண்டுகளாக அந்த உரிமை புத்தகத்தில் இருந்ததாம்!

சட்டம் வந்தபின் பாகுபாடு மரியாதை கற்றுக்கொண்டது. எவரும் இப்பொழுது 'உன் நிறத்துக்கு வீடில்லை' என்று சொல்வதில்லை. 'இன்று காலைதான் ஒருவர் எடுத்துவிட்டார்' என்பார்கள். யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு வீடு கேட்டுச் செல்பவரிடம் 'ஊரில் எந்தப் பக்கம்?' என்று அன்பாக விசாரிக்கும் நம்மவர்களுக்கு இந்த நாகரிகம் புதிதன்று. இதனைப் பிடிப்பதற்கு அமெரிக்க இயக்கத்தினர் ஒரு முறை கண்டனர். ஒரே வருமானமும் ஒரே தொழிலும் கூறும் இருவரை, ஒரு கறுப்பர், ஒரு வெள்ளையர், அடுத்தடுத்து அதே வீட்டுக்கு அனுப்புவது. இருவருக்கும் கிடைத்த பதிலை ஒப்பிட்டுப் பார்ப்பது. வேர்ஜினியாவிலே இவ்வாறு சென்ற கறுப்பினப் பெண்ணிடம் இடமில்லை என்றனர், வெள்ளையருக்கு இடமிருந்தது. நீ உண்மையில் வீடு தேடி வரவில்லையே, உனக்கென்ன நட்டம் என்று நிறுவனம் கேட்டது. வீடு உண்டா இல்லையா என்ற உண்மையை அறியும் உரிமை எவருக்கும் உண்டு. பொய் சொன்னதே நட்டம் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் விடையளித்தது.

இன்று அமெரிக்க வெள்ளைக் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 74 சொந்த வீட்டில் வாழ்கின்றன. கறுப்பினக் குடும்பங்களில் ஏறத்தாழ 45. இவ்விடைவெளி சட்டம் வருமுன்னர், 1960இல் இருந்ததிலும் பார்க்கக் குறைந்துவிடவில்லை. ஒரு தலைமுறையின் வீடு அடுத்த தலைமுறையின் கல்விச் செலவும் தொழில் முதலுமாகும் நாடு அது. 1940களில் காப்புறுதியுடன் கடன் பெற்றவரின் பேரப்பிள்ளைகளும், மறுக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்பதாகச் சட்டம் பாவனை செய்கிறது.

பழைய உறுதிகளிலோ அந்த ஐந்தாவது எல்லை இன்னும் எழுத்தில் இருக்கிறது. செல்லுபடியாகாது, அழிந்தும் போகவில்லை. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 2016இல் தொடங்கிய ஆராய்ச்சிக் குழுவொன்று மினியாப்பொலிஸ் நகரத்து உறுதிகளைத் தேடியெடுத்து வாசித்து வருகிறது. கணினி ஐயத்துக்குரிய சொற்களைப் பொறுக்கித் தருகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் சாதாரண நகர மக்களும் பக்கம் பக்கமாக வாசித்து, தடை வாசகம் கண்ட ஒவ்வொரு வளவையும் வரைபடத்தில் குறிக்கின்றனர். குறிக்கப்பட்டவை ஆயிரக்கணக்கில் உள்ளன. வாசித்தவர்களுள் சிலர் தாம் குடியிருக்கும் வீட்டின் உறுதியையே அங்கே கண்டனர்.